இஞ்சின் சூடான பிறகும் நிற்காத டேப்பெட் சத்தம்: லிஃப்டரை மாற்றுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு கொண்ட பெட்ரோல் கார். வால்வுகளுக்கு ஹைட்ராலிக் லிஃப்டர்தான் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் நின்று, ஆயிலின் துணையோடு இடைவெளியைத் தானே சரிசெய்யும் டேப்பெட்). இடைவெளியைக் கையால் சரிசெய்யும் வகை அல்ல. 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆறு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஐந்தாறு விநாடி டிக்டிக்கென்று கேட்டுவிட்டு அடங்கிவிடும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரமாக, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும், ஐடிலிங்கில் நிற்கும்போது தையல் இயந்திரம் ஓடுவதைப் போல விடாமல் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமாகிறதே தவிர மறையவில்லை. ஆயில் விளக்கு எரியவில்லை, இழுவையும் குறையவில்லை.

பட்டறையில் காட்டியபோது, வால்வு கவரைக்கூடத் திறக்காமல், பதினாறு லிஃப்டரையும் மாற்றிவிடலாம் என்றார்கள். அவ்வளவு பெரிய வேலைக்கு முன், கோளாறு அங்கேதான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது? ஆயிலில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்கள் ஏதாவது பயன்படுமா? கருவிகளைப் பிடித்துப் பழக்கம் உண்டு, பொறுமையும் இருக்கிறது.

பட்டறைக்கை:

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். சத்தம் வருகிற பொருளும் கோளாறு இருக்கிற இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. லிஃப்டர் சத்தம் போடுகிறது என்றால், பல நேரங்களில் அதற்குப் போய்ச் சேர வேண்டிய ஆயில் சேரவில்லை என்றுதான் பொருள். அப்படி இருக்கும்போது பதினாறையும் மாற்றினால், புதியவையும் சில நாளில் அதே பாட்டைப் பாடும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி வந்து அடங்கினால், இரவில் லிஃப்டரிலிருந்து ஆயில் வடிந்திருக்கிறது. ஆயில் ஃபில்டருக்குள் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு சரியில்லாவிட்டாலும் இப்படி ஆகும். குளிர்ந்திருக்கும்போது அமைதியாக இருந்து, சூடேறியதும் ஐடிலிங்கில் மட்டும் வந்து, வேகம் கூட்டினால் மறைந்தால், ஆயில் அழுத்தம் குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். பம்பு, பேரிங் தேய்மானம், ஆயில் தொட்டியின் அடியிலிருக்கும் சல்லடையில் அடைப்பு ஆகியவை அந்த வழியில் வருபவை. எல்லா வேகத்திலும், எல்லாச் சூட்டிலும், ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்த ஒரு லிஃப்டரோ அதன் மேலே சுழன்று வால்வைத் திறக்கும் கேமோதான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விவரிப்பில் முதல் வகையும் மூன்றாம் வகையும் கலந்து வருகின்றன. அவை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாகவும் இருக்கலாம்.

திறப்பதற்கு முன் மூன்று வேலைகள் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் கம்பி) அளவு பாருங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் அளவுமானியைப் பொருத்தி, இஞ்சின் முழுச்சூட்டில் இருக்கும்போது ஐடிலிங்கிலும் நிமிடத்துக்கு 2000 சுற்றிலும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதெலும்பில் வைத்து, முனையை வால்வு கவரின் ஒவ்வொரு போல்ட் தலையிலும் வைத்துக் கேளுங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கையையும் சட்டையையும் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொரு கேள்வி. இந்தச் சத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் இஞ்சினில் யாராவது கை வைத்தார்களா? சிறிய வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

எண்ணெய்த்துளி:

பட்டறைக்கை சொன்னதற்குப் பின்னால் இருக்கும் இயக்கத்தைச் சற்று விளக்கினால், எந்தச் சோதனை எதற்கு என்று புரியும். லிஃப்டரின் உடலுக்குள் ஒரு பிளஞ்சர், அதன் அடியில் ஒரு சுருள்வில், இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு அறை, அந்த அறையின் வாயை அடைக்க மிளகு அளவுள்ள ஓர் எஃகுக் குண்டு, அவ்வளவுதான். கேமின் வட்டப்பகுதி மேலே இருக்கும்போது வால்வு மூடியிருக்கும். அப்போது வில் பிளஞ்சரைத் தள்ளி இடைவெளியை நிரப்பும்; குண்டு விலகி அறைக்குள் ஆயில் புகும். கேமின் மூக்கு வந்து அழுத்தும்போது குண்டு வாயை அடைத்துவிடும். ஆயில் சுருங்காது என்பதால், முழு லிஃப்டரும் ஓர் இரும்புத் துண்டைப் போல நின்று வால்வைத் திறக்கிறது. பிளஞ்சருக்கும் உடலுக்கும் இடையே உள்ள சில மைக்ரான் இடுக்கில் கசிகிற ஆயில் அடுத்த சுற்றில் ஈடாகிவிடும். 1930-இல் காடிலாக் தன் பதினாறு சிலிண்டர் காரில் வால்வு இடைவெளியை ஆயிலின் துணையோடு தானே சரிசெய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வடிவம் எவ்வளவோ மாறியிருக்கிறது. இந்தத் தத்துவம் மாறவில்லை.

ஆகவே லிஃப்டர் சத்தம் போடக் காரணங்கள் குறைவு. ஆயில் வரவில்லை; அல்லது ஆயிலோடு காற்று வருகிறது; அல்லது குண்டு சரியாக அமரவில்லை; அல்லது பிளஞ்சர் பிசினில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை; அல்லது இடுக்கு தேய்ந்து ஆயில் நிற்காமல் ஓடிவிடுகிறது. இவற்றில் காற்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மிக மேலே ஆயில் ஊற்றியிருந்தால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அதை மோரைக் கடைவதைப் போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை சுருங்கக் கூடியது என்பதால், லிஃப்டர் ஸ்பாஞ்சைப் போல அமுங்கும். ஆயில் மிகக் குறைந்தாலும் பம்பு காற்றை உறிஞ்சி அதே விளைவைத் தரும். கையேட்டில் 5டபிள்யூ-30 என்ற மெல்லிய வகை ஆயில் குறிக்கப்பட்டிருக்கும் இஞ்சினில், சத்தத்தை அடக்கலாம் என்று கெட்டியான ஆயிலை ஊற்றுவதையும் பார்க்கிறேன். சூட்டில் சத்தம் சற்றுக் குறையலாம். ஆனால் காலை நேரத்தில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

சுழல்தண்டு:

எக்ஸாஸ்ட் கசிவைப் பார்க்காமல் வால்வு கவரைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஒருமுறை டிக்டிக் சத்தத்துக்காக லிஃப்டர் முழுவதையும் மாற்றி முடித்து, ஸ்டார்ட் செய்தபோது அதே சத்தம் அப்படியே கேட்டது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைந்து, கேஸ்கெட்டின் ஓரத்தில் கரும்புகை படிந்திருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். குளிர்ந்த இஞ்சினில் பலமாகக் கேட்டு, உலோகம் சூட்டில் விரிந்ததும் குறைந்தால், கசிவைச் சந்தேகியுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் இயல்பாகவே டிக்கென்று அடிக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இஞ்சின்களில் உயரழுத்தப் பம்பின் சத்தத்தை டேப்பெட் என்று நம்பியவர்கள் பலர்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. 800 சுற்று ஐடிலிங்கில் ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 400 முறைதான் தட்டும். அடியிலிருந்து கனமாக டொக் டொக்கென்று வந்தால் அது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பைச் சற்றுக் கழற்றினால் ராடு சத்தம் பெரும்பாலும் குறையும் அல்லது மாறும். லிஃப்டர் சத்தம் மாறாது. ராடு என்று தெரிந்துவிட்டால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நெடுவழி:

அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறது, நுரை இல்லை. முழுச்சூட்டில் ஐடிலிங்கில் 1.3 பார், 2000 சுற்றில் 3.1 பார். என் கையேடு கேட்பது குறைந்தது 1 பாரும் 2 பாரும். எக்ஸாஸ்ட் இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்து, குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். குமிழி எங்கும் இல்லை, கரியும் இல்லை. இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் சத்தம் மாறவில்லை. ஸ்குரூடிரைவரில் கேட்டபோது, எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டாம் சிலிண்டருக்கு மேலே உள்ள போல்ட்டில் சுத்தியலால் தட்டுவதைப் போலத் தெளிவாகக் கேட்டது. மற்ற இடங்களில் அதன் எதிரொலிதான்.

பட்டறைக்கை கேட்ட கேள்விக்கு: எட்டு மாதத்துக்கு முன் கேம்ஷாஃப்ட்டின் முன் ஆயில் சீல் கசிந்தது. அதை மாற்றியபோது கேம்ஷாஃப்ட்டை மேலிருந்து பிடிக்கும் முன்பக்கக் கேம் மூடியையும் கழற்றிச் சீலண்ட் (கசிவை அடைக்கும் சிலிகான் பசை) வைத்துப் பொருத்தினார்கள். இதற்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருக்குமா?

பட்டறைக்கை:

இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த மூடியின் இருக்கையில், உங்கள் வகை இஞ்சின்களில் பலவற்றில், சீலண்டை ஒரு மெல்லிய கோடாக ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும். கசியக் கூடாது என்ற பயத்தில் தாராளமாகப் பிதுக்கினால், மூடியை இறுக்கும்போது அது உள்ளே பிதுங்கி, அங்கே திறக்கும் ஆயில் துளைக்குள் போய்விடும். அந்த இடம் ஃபில்டரைத் தாண்டிய இடம். அங்கே விழும் துணுக்கைத் தடுக்க வழியில் வேறு எதுவும் இல்லை. நேராக லிஃப்டருக்குத்தான் போகும்.

உங்கள் அழுத்தம் நன்றாக இருக்கிறது, சத்தம் ஒரே இடத்தில் இருக்கிறது, சத்தத்துக்கு முன் அந்த வேலை நடந்திருக்கிறது. இவ்வளவும் ஒன்றாகப் பொருந்தும்போது கவரைத் திறப்பதில் தயக்கம் வேண்டாம்.

பழைய இயந்திரம்:

திறப்பதற்கு முன் எளிய வழி ஒன்று இருக்கிறதே. ஒரு லிட்டர் டீசலை ஆயிலோடு கலந்து பத்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு வடித்துவிட்டால், உள்ளே இருக்கும் பிசின் கரைந்து லிஃப்டர் விடுபட்டுவிடும். எங்கள் காலத்தில் எல்லோரும் செய்தது இதுதான்.

எண்ணெய்த்துளி:

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை நான் ஏற்கவில்லை. டீசல் ஆயிலை நீர்த்துப்போகச் செய்து பேரிங்குகளின் மீதுள்ள ஆயில் படலத்தை மெலிதாக்கும். அதைவிட முக்கியமானது, நீண்டநாள் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து, கட்டியாகச் சென்று சல்லடையை அடைக்கும். அப்போது லிஃப்டரோடு நிற்காது, இஞ்சினே போய்விடும். பிசினால் ஒட்டிய லிஃப்டர் என்றால், நல்ல சுத்திகரிப்புத் தன்மையுள்ள ஆயிலை மாற்றி, குறுகிய தூரத்தில் இன்னொரு முறையும் மாற்றி, மெதுவாகக் கரையவிடுவதே பாதுகாப்பு. நெடுவழியின் இஞ்சினில் சந்தேகம் சீலண்ட் மீது. இறுகிய சிலிகான் டீசலிலும் கரையாது, கடையில் விற்கும் திரவத்திலும் கரையாது.

நெடுவழி:

கவரைக் கழற்றினேன். உட்புறம் தேன்நிறத்தில் சுத்தமாக இருந்தது, கசடு இல்லை. கிராங்கைக் கையால் திருப்பி, ஒவ்வொரு லிஃப்டருக்கும் மேலே கேமின் மூக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்கும்படி வைத்து, ஒரு மரக்குச்சியால் லிஃப்டரை அழுத்திப் பார்த்தேன். பதினைந்து லிஃப்டர்கள் கல்லைப் போல நின்றன. எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டாம் சிலிண்டரின் முன் லிஃப்டர் மட்டும், பழைய தலையணையைப் போல அமுங்கி மெதுவாக எழுந்தது. கேமுக்கும் அதற்கும் இடையே 0.2 மி.மீ. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. அவ்வளவு நுழைந்தால் லிஃப்டரை மாற்றச் சொல்கிறது கையேடு. கேமின் மூக்குகளை விளக்கடியில் பார்த்து நகத்தாலும் தடவினேன். குழியோ கீறலோ இல்லை. அடுத்து எப்படிப் போவது?

பட்டறைக்கை:

நல்ல வேலை. கேம் தேயவில்லை என்பதுதான் இதில் பெரிய நற்செய்தி.

டைமிங் குறிகளைப் பொருத்தி, கேம்களைச் சுழற்றும் இரண்டு ஸ்புராக்கெட்டும் (பற்சக்கரங்கள்) நகராதபடி பூட்டிவிட்டு அவிழ்க்கத் தொடங்குங்கள். கேம் மூடிகளின் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் மறுபக்கத்தில் ஏறிக் கேமை வளைத்துவிடும். மூடியும் விரிசல் விடும். மூடிகளின் எண்ணையும் திசையையும் குறித்து வையுங்கள்.

லிஃப்டர்களைக் காந்தத்தால் எடுத்து, எண்ணிட்ட முட்டைத் தட்டில் வரிசையாக, கேமைத் தொடும் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஒவ்வொன்றும் தன் குழிக்கும் தன் கேம் மூக்குக்கும் பழகியிருக்கிறது. மாறிப் போகக் கூடாது. பழுதான லிஃப்டரைக் குப்புறப் பிடித்து ஒரு மரக்கட்டையில் தட்டினால் உள்பாகம் வெளியே வரும். பிளஞ்சரை இழுத்தால் அடியில் ஒரு சிறு தகரக் கூண்டுக்குள் அந்தக் குண்டு இருக்கும். வில் தெறித்து எங்கேயாவது போய்விடும். ஒரு பாலித்தீன் பைக்குள் கையை வைத்துக்கொண்டு பிரியுங்கள். ஒரு லிஃப்டரின் பிளஞ்சரை இன்னொன்றின் உடலில் போடவே கூடாது, அந்தச் சில மைக்ரான் பொருத்தம் ஜோடிக்கு ஜோடி தேர்ந்தெடுத்துச் செய்யப்பட்டது.

முன் மூடிக்கு அடியில் இருக்கும் ஆயில் துளையைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு லிஃப்டரை மட்டும் மாற்றினால் வேலை பாதிதான்.

நெடுவழி:

கண்டுபிடித்துவிட்டேன். பட்டறைக்கை ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

முன் மூடியைத் தூக்கியபோதே தெரிந்தது. இருக்கை முழுவதும் நீலநிறச் சீலண்ட் அப்பியிருந்தது. உள்ளோரத்தில் பிதுங்கி நின்ற வளையத்தில் ஓரிடம் பிய்ந்து போயிருந்தது. பழுதான லிஃப்டரைப் பிரித்து, கூண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். குண்டுக்கும் அது அமரும் வளையத்துக்கும் இடையே, தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த நீலநார் ஒன்று, ஏறக்குறைய 3 மி.மீ. நீளம், வளைந்து சிக்கியிருந்தது. குண்டு ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார முடிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை கேம் அழுத்தும்போதும் ஆயில் அந்த வழியாகத் திரும்பி ஓடியிருக்கிறது. இதற்காகப் பதினாறு லிஃப்டரைத் தூக்கி எறிய இருந்தேன்.

ஆயில் துளையில் மேலும் இரண்டு துணுக்குகள் இருந்தன. ஒரு மெல்லிய கம்பியின் முனையை வளைத்து அவற்றை வெளியே இழுத்தேன். காற்றை ஊதினால் உள்ளே போய்விடும் என்று பயந்து, கண்ணில் படும் துணுக்குகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், துளையின் மறுமுனையிலிருந்து வெளிப்புறமாக ஊதினேன். எக்ஸாஸ்ட் பக்கத்து எட்டு லிஃப்டர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவிப் பார்த்தேன். வேறு எதிலும் நார் இல்லை. பழுதான ஒன்றின் வளையத்தில் லேசான அடையாளம் பதிந்திருந்ததால், அதற்கு மட்டும் புதியது போடுகிறேன். பூட்டுவதற்கு முன் லிஃப்டருக்குள் ஆயிலை நிரப்ப வேண்டுமா, வேண்டாமா? இதில் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள்.

எண்ணெய்த்துளி:

கழுவிய லிஃப்டரைச் சுத்தமான இஞ்சின் ஆயிலில் மூழ்கவைத்து, மெல்லிய கம்பியால் குண்டைத் தள்ளியபடி பிளஞ்சரைச் சில முறை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். என் கருத்தில் இது போதும். ஆனால் நிரம்பிய லிஃப்டர் உயரமாக நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. கேமைப் பூட்டியவுடன் இஞ்சினைச் சுற்றினால், வால்வு தேவைக்கு மேல் திறந்து பிஸ்டனில் இடிக்கக்கூடும். பூட்டி முடித்து அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மிகையான ஆயில் தானாகக் கசிந்து லிஃப்டர் தன் உயரத்துக்கு இறங்கும். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் அழுத்தித் திருப்பாமல் டைமிங்கை மீண்டும் பாருங்கள்.

பட்டறைக்கை:

அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் ஸ்டார்ட்டில் சத்தம் வந்தால் பதற வேண்டாம். ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு, 2000 முதல் 2500 சுற்றில் இரண்டு நிமிடம் பிடித்து, அரை நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, இப்படி நான்கைந்து முறை செய்தால் தங்கிய காற்று வெளியேறும். முன் மூடிக்குப் புதிய சீலண்டை ஒரு தீக்குச்சியின் தடிமனுக்குக்கூட வைக்க வேண்டாம். எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்த இருக்கையில் மெல்லிய கோடு ஒன்றே போதும்.

பழைய இயந்திரம்:

டீசல் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்; நார் விஷயத்தைப் படித்த பிறகு அது எவ்வளவு வீண்வேலையாகியிருக்கும் என்று புரிகிறது. என்னிடம் புஷ்ராடு வகைப் பழைய இஞ்சின் ஒன்று இருக்கிறது (கேம் கீழே இருந்து, நீண்ட கம்பி வழியாக வால்வைத் திறக்கும் வகை). ஹைட்ராலிக் லிஃப்டர்தான், ஆனால் அடிப்பக்கம் உருளை இல்லாமல் தட்டையாகக் கேமில் உராயும் வகை. அதிலும் ஒரு லிஃப்டர் தட்டுகிறது. நெடுவழி செய்ததைப் போல ஒன்றை மட்டும் புதிதாக மாற்றலாமா?

பட்டறைக்கை:

ஐயா, உங்கள் இஞ்சினில் முதலில், புஷ்ராடின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர் கையின் நட்டைப் பாருங்கள். வால்வு மூடிய நிலையில் புஷ்ராடை விரலால் உருட்டிக்கொண்டே நட்டை இறுக்கினால், ஆட்டம் முழுவதும் நின்றுபோகும் ஓர் இடம் வரும். அதிலிருந்து அரைச்சுற்று முதல் ஒரு சுற்று வரை கூடுதலாக இறுக்குவதே பல இஞ்சின்களில் வழக்கம். எத்தனை சுற்று என்பதை உங்கள் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

அதிலும் தீராவிட்டால், லிஃப்டரை எடுத்து அடிமுகத்தை ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். நல்ல லிஃப்டரின் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். அந்தக் குவிவும் கேமின் மிகச் சிறிய சரிவும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழலவைக்கின்றன. சுழல்வதால்தான் தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. முகம் குழிந்திருந்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டது. கேமும் கூடவே தேய்ந்திருக்கும். அந்த நிலையில் தேய்ந்த கேமின் மேல் புது லிஃப்டரை ஒன்றாகவோ எட்டாகவோ போடக் கூடாது. கேமும் லிஃப்டர்களும் சேர்ந்துதான் மாற வேண்டும். மாற்றியபின் முதல் இருபது நிமிடம் ஐடிலிங்கில் விடாமல் 2000 முதல் 2500 சுற்றில் ஓடவிட்டுப் பழக்க வேண்டும்.

எண்ணெய்த்துளி:

தட்டை லிஃப்டருக்கு ஆயிலையும் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏ.பி.ஐ.) எஸ்.பி. ஆயில் தரத்தில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. கேமும் தட்டை லிஃப்டரும் உராயும் இடத்தைக் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் அதனால் குறைந்துவிட்டது. பழைய இஞ்சின்களுக்கென்றே அந்தச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயில்கள் கிடைக்கின்றன. நெடுவழியின் இஞ்சினுக்கு அவை தேவையில்லை; கையேட்டில் உள்ளதே போதும்.

நெடுவழி:

3000 கி.மீ. ஓட்டிவிட்டு எழுதுகிறேன். முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் பயங்கரமாகக் கடகடத்தது. பட்டறைக்கை சொன்னபடி நான்கு முறை வேகத்தைக் கூட்டி இறக்கியதும், ஒரு குழாயை மூடியதைப் போலச் சத்தம் நின்றது. சூட்டில், நெரிசலில், நீண்ட ஏற்றத்தில் என எங்கும் திரும்ப வரவில்லை. 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். நீலத் துணுக்கு எதுவும் இல்லை.

காலை நேரச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. பட்டறைக்கை தொடக்கத்திலேயே அது வேறு கோளாறாக இருக்கலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்து, கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் தடுப்பு வெயிலில் கிடந்த டயர்த் துண்டைப் போல விறைத்து, ஓரம் மடிந்திருந்தது. ஆயில் மாற்றியபோது போட்டதும் அதே மலிவான வகை. அதையும் கழற்றிவிட்டு, நல்ல ரப்பர் தடுப்புள்ள ஃபில்டரைப் போன வாரம் போட்டேன். இன்று காலை பத்து மணி நேரம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தபோது, ஒரே ஒரு விநாடி கேட்டு அடங்கிவிட்டது.

பட்டறைக்கை:

அந்த ஒரு விநாடியை விட்டுவிடுங்கள். திறந்து நிற்கும் வால்வின் மேல் இருக்கும் லிஃப்டர், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கத்தான் செய்யும். அது ஐந்து விநாடியாக வளர்ந்தால் எழுதுங்கள்.